வந்துவிட்டானே என்று மூடிய கோப்பு

அரச அலுவலகமொன்றில் 31 ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவள் நான். கடிதம் வந்தால் முதலில் திகதி முத்திரை. தொலைபேசியில் யாராவது ஏதாவது சொன்னால் அதைக் குறிப்பெழுதிக் கோப்பில் இணைக்க வேண்டும். கோப்பில் ஏறாத விடயம் நடக்கவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் என் சொந்தத் தம்பியின் கோப்பை என் கையாலேயே மூடினேன்.

2008 ஜூலை. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ-9 பாதை மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிக்கொண்டிருந்தன. கொழும்புக்குப் போக இராணுவத்தின் அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இரவில் ஊரடங்கு. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையை ஒரு பின்னேரம் சுற்றிவளைத்தார்கள். சைக்கிள் கடை வைத்திருந்த என் தம்பிக்கு அப்போது 33 வயது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுக்கவில்லை. இலக்கத் தகடு இல்லாத வாகனத்தில் ஏற்றினார்கள். "விசாரித்துவிட்டு விடுவோம்" என்று உடைந்த தமிழில் ஒருவர் சொன்னார். அவர் பெயர் என்ன, எந்த முகாம், எத்தனை மணி, எதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை. பேனை பிடித்தே வயிறு வளர்த்தவளுக்கு அன்றைக்குப் பேனை நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அலைச்சல். கிராம அலுவலர், ஒரு முகாம், இன்னொரு முகாம், பொலிஸ் நிலையம். எல்லா இடத்திலும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்ற ஒரே பதில். பொலிஸில் முறைப்பாட்டை எழுதினார்கள், அதுவே பெரிய காரியம் என்று நினைத்தேன். என்ன எழுதினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "வீட்டிலிருந்து சென்றவர் திரும்பவில்லை" என்று எழுதியிருந்தார்கள். நான் சொன்னது "கொண்டுபோனார்கள்" என்று. கொண்டுபோனார்கள் என்றால் கொண்டுபோன ஒருவர் இருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் போனவன்தான் பொறுப்பு. அந்த ஒரு வினைச்சொல்லில் அரசாங்கம் கதையிலிருந்தே வெளியேறிவிட்டது.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் போனேன். உயிருக்குப் பயந்த இளைஞர்கள் பாதுகாப்புக் கேட்டுத் தாங்களாகவே அங்கு வந்து சரணடைந்த காலம் அது. வாங்கு முழுவதும் தாய்மார். என் முறைப்பாட்டை வாங்கி ஒரு இலக்கம் தந்தார்கள். அந்தத் துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

23 நாட்களின் பின் தம்பி வந்தான். விடியப்புறம் பிரதான வீதியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நடந்து வந்தான். என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதுகைப் பார்த்த அம்மா நல்லெண்ணெய் எடுக்க உள்ளே போனார்.

அடுத்த வாரமே ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "மேற்படி நபர் வீடு திரும்பிவிட்டமையால் இம்முறைப்பாட்டைத் தொடர விரும்பவில்லை என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்." அழகான அலுவலகத் தமிழ். ஒரு பிழை இல்லை. வந்துவிட்டானே, அது போதும் என்று வீடு முழுக்க நினைத்தோம். அதைத் தவறென்று சொல்ல எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அதே மாதத்தில் எத்தனையோ வீடுகளுக்கு யாரும் திரும்பி வரவில்லை. மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்ட செம்மணிப் பக்கமாகப் போய்வருகிற எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னும் புலனாய்வுக்காரர் என்று சொல்லிக்கொண்டு இருவர் வீட்டுக்கு வந்தார்கள். "2008இல் விசாரிக்கப்பட்டவர்தானே" என்று தம்பியிடம் கேட்டார்கள். விசாரித்தது அவர்களுக்கு நினைவிருக்கிறது. அடைத்து வைத்ததற்கோ ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. எந்த முகாம், யாருடைய உத்தரவு, எந்தச் சட்டம் என்று நாங்கள் திருப்பிக் கேட்க எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. இருந்த ஒரே இலக்கத்தையும் நான்தான் மூடிவைத்திருந்தேன்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டித் தேவாலயங்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள் எங்கும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் சைவ வீடுகளின் படலையிலும் மெழுகுதிரி எரிந்தது. அடுத்த நாளே அவசரகாலச் சட்டம் வந்தது, சோதனைச் சாவடிகள் திரும்பி வந்தன. குண்டு வெடித்த நாட்டில் பையைத் திறந்து பார்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. நானே திறந்து காட்டினேன். ஒரு உண்மையையும் இங்கே எழுதிவிட வேண்டும். முஸ்லிம் வீடுகளில் தேடுதல் நடந்த முதல் நாட்களில், "இந்த முறை நாங்கள் இல்லை" என்ற ஓர் அற்ப ஆறுதல் எங்களில் பலரிடம் இருந்தது. கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை அணிந்த பெண்ணொருவரை, அது பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லி அந்த மே மாதம் கைது செய்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோதும் நாங்கள் தலையை ஆட்டிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினோம்.

அடுத்த கிழமையே தம்பியின் மகனைப் பிடித்தார்கள்.

மருமகனுக்கு 19 வயது. மோட்டார் சைக்கிளில் வந்தவனைச் சாவடியில் மறித்து, கைத்தொலைபேசியை வாங்கித் துழாவியிருக்கிறார்கள். யாரோ குழுவில் அனுப்பிய ஒரு பழைய படம் இருந்ததாம். பின்னால் இருந்த கூட்டாளி ஓடிவந்து சொன்னான். தம்பி முற்றத்தில் அப்படியே குந்திவிட்டான். அவனால் எழும்ப முடியவில்லை. நான் உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியும் இரண்டு பேனையும் எடுத்தேன்.

முதல் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: மறித்த நேரம் பின்னேரம் 5.40. இடம். மறித்தவர்களின் உடை எந்த நிறம், தோளில் இலக்கம் இருந்ததா. வாகனத்தின் இலக்கம். பார்த்தவர் யார். கூட்டாளிப் பையனை இருத்தி, பயம் தெளியும் முன்னரே கேட்டு எழுதினேன். தண்ணீர் குடித்து ஆறுதலாக இருந்த பிறகு கேட்டால் நேரமெல்லாம் "ஒரு ஐந்தரை, ஆறு மணி இருக்கும்" என்று இளகிவிடும்.

பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகவில்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரையும் கூட்டிப் போனேன். நான் கேட்டது ஒரே கேள்வி: "எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்திருக்கிறீர்கள், ஐயா?" சண்டைக் குரலில் கேட்கவில்லை. கந்தோரில் கோப்பு இலக்கம் கேட்கிற குரலில் கேட்டேன்.

இந்தக் கேள்வி ஏன் முதலில் வர வேண்டும் என்றால், எல்லாக் கடிகாரங்களும் அதிலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன. சாதாரணச் சட்டம் என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் 72 மணித்தியாலம். பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிற சட்டம் அது. நாற்பது ஆண்டுகளாகத் தற்காலிகமாகவே இருந்துகொண்டிருந்தது. அதன் கீழ் அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு வந்துவிட்டால் மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை வைத்திருக்க அப்போது முடிந்தது. 2022இல் செய்த திருத்தம் அதை 12 மாதமாக்கியது. இதோடு அந்த மாதம் அவசரகால ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் இருந்தன. எந்தக் கடிகாரம் என்று அவர்கள் சொல்லாதவரை எந்தக் கடிகாரமும் ஓடவில்லை என்றுதான் பொருள். அன்றிரவு யாரும் பதில் சொல்லவில்லை. "மேலிடம் சொல்லும்" என்றார்கள். அதையும் எழுதினேன், இரவு 8.10 என்று.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபடி 1996க்கு அழைத்தேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் அது. ஆணைக்குழுவை உருவாக்கிய சட்டமும் 1996ஆம் ஆண்டினதுதான், 21ஆம் இலக்கம். அந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவை எங்கள் ஊரில் பலருக்கும் தெரியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதியின் கீழோ ஒருவரைப் பிடித்தால், பிடித்தவர்கள் உடனடியாக, மிஞ்சினால் 48 மணித்தியாலத்துக்குள், ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ஆணைக்குழுவுக்கு நாங்கள் முந்திச் சொல்லிவிட்டால், அவர்கள் நிலையத்தைத் தொடர்புகொண்டு கேட்பார்கள். ஒருவர் கேட்டுவிட்டார் என்றால் "இங்கே இல்லை" என்று சொல்வது கடினமாகிவிடும். 2008இல் நான் ஆணைக்குழுவுக்குப் போனது மூன்றாம் நாள். இந்த முறை மூன்றாம் மணித்தியாலம்.

காலையில் சட்டத்தரணி வந்தார். அதற்குள் பையனின் வாக்குமூலம் எழுதியாகிவிட்டது, சிங்களத்தில். கையெழுத்து மட்டும் பாக்கி. சாப்பாடு கொடுக்க விட்டபோது அவனிடம் நான் சொன்ன ஒரே விடயம் இதுதான்: "வாசிக்க முடியாத எழுத்துக்குக் கீழே பேனை வைக்காதே. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்."

இது என் பிடிவாதம் இல்லை. நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் வழக்கு நாடறிந்தது. 1993இல் கைதானவர். அவரால் வாசிக்க முடியாத சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டு, பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை வைத்தே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அது உரிமை மீறல் என்றது. ஆனால் 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தின் அடிப்படையில் எதையும் செய்ய மறுத்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் சாட்சியமாக ஏற்கிறது. அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிப்பது பிடிபட்டவனின் தலையில். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் எடுக்கிற ஐந்து நிமிடம் பின்னால் வரும் ஐந்து வருடத்துக்குச் சமம். மொழி தெரிந்த ஒரு பொலிஸ்காரர் வரவழைக்கப்பட்டு வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் பையன் சொல்லாதது இருந்தது. சட்டத்தரணி முன்னிலையில் திருத்தினார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் விட்டார்கள். நீதவானிடம் கொண்டுபோகவே இல்லை. கைத்தொலைபேசியைத் தரவில்லை.

வீட்டில் பிட்டும் மாம்பழமும். பையன் தின்கிறான். தம்பி தூணில் சாய்ந்தபடி என்னைப் பார்த்து, "வந்துவிட்டான்தானே அக்கா, இனி விடுங்கள்" என்றான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதத்தின் அதே வசனம். அந்த ஆறுதலில்தான் எல்லாம் முடிந்துபோகிறது. பிடிக்கும்போது ஊரே கூடுகிறது. சட்டத்தரணி, பாதர், அரசியல்வாதி எல்லோரும் வருகிறார்கள். விட்ட மறுநாள் ஒருவரும் இல்லை. ஏன் பிடித்தீர்கள், யார் சொல்லிப் பிடித்தீர்கள் என்று கேட்க வேண்டிய நேரம் அந்த மறுநாள்தான். அப்போது நாங்கள் கோயிலுக்கு நேர்த்தி வைக்கப் போய்விடுகிறோம்.

ஆனால் தம்பியின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. முடிவெடுக்க வேண்டியவன் பையன். அவனுக்கு இரண்டு நாள் கொடுத்தேன். "மாமி, என் போன் எனக்கு வேண்டும்" என்றான். உரிமை, நீதி என்றெல்லாம் அவன் பேசவில்லை. போன் வேண்டும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இங்கே ஒரு காலக்கெடு இருக்கிறது, இதைத் தவறவிட்டு அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஒரே ஒரு மாதம். கொழும்பு போக, சட்டத்தரணி பிடிக்க, காசு புரட்ட அது காணாது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. பதிவதற்குப் பெரிய செலவில்லை. நாங்கள் பதினாறாம் நாள் பதிந்தோம்.

ஆணைக்குழுவில் நடந்த விசாரணைக்கு நிலையத்திலிருந்து ஓர் எழுத்துமூலப் பதில் வந்தது. அதில் கைது செய்த நேரம் இரவு 11.15 என்று இருந்தது. என் கொப்பியில் 5.40. இடையில் ஐந்து மணித்தியாலம் 35 நிமிடம் ஒரு பையன் எங்கேயும் இருக்கவில்லை. நான் நிலையத்தில் நின்று "எந்தச் சட்டம்" என்று கேட்ட 8.10 மணிக்கு, அவர்கள் கணக்கில் அவன் இன்னும் பிடிபடவே இல்லை! கூட வந்த அதிபர் சாட்சி சொன்னார். அந்த வித்தியாசத்துக்கு அவர்களிடம் விளக்கம் இருக்கவில்லை. யாருக்கும் பெரிய தண்டனை கிடைத்துவிடவில்லை. ஆனால் பிடித்தோம் என்று அவர்கள் கையெழுத்திலேயே எழுதிய ஒரு தாள் எங்கள் வீட்டில் இருக்கிறது. இனி யாராவது படலையைத் தட்டினால் காட்டுவதற்கு.

போனுக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்தேன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போதே இதைப் பயன்படுத்தலாம் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. கேட்கிற விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குக் கோப்பில் பக்கம் கிடையாது. "இந்தத் திகதியில் பொறுப்பேற்ற இந்தப் பொருள் பதியப்பட்ட பதிவேட்டின் பக்கத்தின் பிரதி" என்று கேளுங்கள். கந்தோர் ஆட்களுக்குப் பக்கத்தைத் தேடத் தெரியும். முதல் பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் தரும்படி கேட்டுப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். எட்டாம் மாதம் போன் வந்தது, கண்ணாடி வெடித்த நிலையில்.

அந்த உற்சாகத்தில், 2008இல் தம்பியைத் தடுத்து வைத்த பதிவையும் கேட்டு விண்ணப்பித்தேன். முதல் பதில்: தேசிய பாதுகாப்பைக் கருதித் தகவலை வழங்க முடியாது. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தேன். இரண்டாவது பதில்: அவ்வாறான பதிவு எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். இல்லாத ஒன்றை எப்படிப் பாதுகாப்புக்காக மறைத்தார்கள் என்று கேட்டு, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, நாட்களைத் தவறவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

2023 ஜனவரி 12 அன்று உயிர்த்த ஞாயிறு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவையின் கையில் இருந்தது. பதினேழு நாட்கள். தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றார்கள். முன்னாள் பொலிஸ்மா அதிபருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவருக்கும் ஏழரைக் கோடி வீதம், முன்னாள் பாதுகாப்புச் செயலாளருக்கு ஐந்து கோடி. தகவல் இல்லாமல் அல்ல, இருந்த தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக. அந்தத் தகவலை வைத்திருந்தவர்களின் அரசாங்கம்தான் குண்டுகள் வெடித்த அடுத்த நாள் என் மருமகனின் போனைத் துழாவுகிற அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளைப் புதைத்த குடும்பங்களும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் விடாமல் நீதிமன்றத்துக்கு நடந்ததால்தான் அது தீர்ப்பாகப் பதிவானது.

தம்பி தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைக் கடைசி வரை பார்த்தான். பிறகு அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, அந்தக் கொப்பி இருக்கிறதா?"

எடுத்து வந்தேன். கடைசிப் பக்கங்களில் 2008ஐப் பற்றி எனக்கு நினைவிருந்ததை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"23 நாள் இல்லை. 24."

நான் எண்ணத் தொடங்கியது தேடி அலைந்த மறுநாள் காலையிலிருந்து. முதல் இரவை நான் எண்ணவில்லை. 23ஐ வெட்டி 24 என்று எழுதினேன். பக்கத்தில் அவன் கையெழுத்து வைத்தான், திகதியும் போட்டான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல் இரவிலிருந்து சொல்கிறேன், எழுதுங்கள்" என்றான்.